களவாவின் வாயில் பித்தளைக் கம்பி

என் வயதுக்காரர்களுக்கு மீன் காலேஜ் தெரியும். சின்னவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். மிருகங்கள் இருந்த இடம் உயிர்க் காலேஜ். மியூசியம் செத்த காலேஜ். கடற்கரையில் கண்ணாடித் தொட்டிகளில் மீன் வைத்துக் காட்டிய கட்டடம் மீன் காலேஜ். எங்கள் குப்பத்தில் அப்படித்தான் சொன்னோம்.

நீங்களும் காணும் பொங்கலுக்கு அங்கே போயிருப்பீர்கள். உள்ளே நுழைந்ததும் காலில் ஜில்லென்று ஏறும். வெளிச்சம் பச்சையாக இருக்கும். பக்கத்தில் நிற்பவர் முகமும் பச்சையாகத் தெரியும். எங்கேயோ தண்ணீர் ஏற்றும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசித் தொட்டியில் ஒரு பெரிய களவா மீன் இருந்தது. உங்களில் யாராவது பார்த்திருக்கலாம். வாயோரம் ஒரு பித்தளைக் கம்பி தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்த மீனைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். நீட்டி எழுத வராது.

எங்கள் குப்பம் சாந்தோமுக்கு வடக்கே. வீட்டு வாசலிலிருந்து இருபது எட்டு வைத்தால் கடல். நைனா கட்டுமரத்தில் தூண்டிலுக்குப் போகிறவர். இடது கைக்காரர். சோறு மட்டும் வலது கையால் தின்பார். மற்ற எல்லாம் இடது கை. குப்பத்தில் அவரைப் பீச்சாங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் "இன்னா?" என்று திரும்பிப் பார்ப்பார். கோபம் வராது.

தூண்டில் முள்ளுக்கும் கயிற்றுக்கும் நடுவில் பித்தளைக் கம்பி சுற்றுவார்கள். பெரிய மீன் பல்லால் கயிற்றைக் கடித்துவிடாமல் இருக்க. எல்லோரும் வலப்பக்கமாகச் சுற்றுவார்கள். நைனா சுற்றினால் இடப்பக்கமாகப் போகும். கடைசியில் நுனியை மிளகு அளவுக்கு உருட்டி மடக்கிவிடுவார். கையில் குத்தாமல் இருக்க. கம்பிச் சுருளைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அந்த மிளகை நான் விரலால் தடவிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் முள்ளைக் கூடையில் போடுவார். சரி என்று சொல்ல எனக்கு என்ன தெரியும். ஆனாலும் கேட்பார்.

ஐப்பசியில் தீபாவளி முடிந்து நாலைந்து நாள் மழை. பிறகு ஒரு நாள் வெளுத்தது. நைனாவும் சித்தப்பாவும் கட்டுமரத்தைத் தள்ளினார்கள். சித்தப்பா நைனாவுக்கு நேர் இளையவர். அப்போது கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

மத்தியானம் சித்தப்பா மட்டும் வந்தார்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். சித்தப்பா வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"அண்ணி, அலை அட்ச்சிச்சி. அண்ணன் பூட்டான்."

அம்மா முதலில் கேட்டது கத்தியைப் பற்றி.

"இடுப்புல கத்தி இருந்திச்சா?"

"இருந்திச்சி அண்ணி."

கடலுக்குப் போகிற ஆள் இடுப்பில் கத்தி வைத்திருப்பான். கயிறு எங்காவது சுற்றிக்கொண்டால் அறுக்க. கத்தி இருந்தால் பாதி உயிர் இருக்கிறது என்பார்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். களைந்த அரிசியை உலையில் போட்டாள். எல்லோருக்கும் போட்டாள், நைனாவுக்கும் சேர்த்து.

ஏழெட்டு மரம் தேடிப் போனது. மூன்று நாள் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

கிடைக்காவிட்டால் எங்களில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று அமாவாசை பார்ப்பார்கள். அதுவரை அவள் பெண்டாட்டிதான். பூவும் பொட்டும் இருக்கும். மூன்றாவது அமாவாசையில் அவன் துண்டை வைத்துக் காரியம் செய்வார்கள். அன்றைக்குத் தாலி இறங்கும். தேதியைச் சொல்கிறவர் நாட்டார், குப்பத்துத் தலைவர். கார்த்திகை, மார்கழி, தை என்று அவர் விரலை மடக்கினார். அம்மா கேட்டுக்கொண்டு நின்றாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆள் காணாமல் போன கடலில் அந்த மூன்று மாதம் பெரிய மீன் அகப்பட்டால் அடிக்க மாட்டோம். அறுக்க மாட்டோம். ஏன் என்று குழந்தைகளுக்குச் சொல்ல மாட்டார்கள். குழந்தைகளுக்குத் தெரியும்.

மார்கழியில் கரைவலை இழுத்தார்கள். கரையிலிருந்து வளைத்துப் போட்டு, குப்பமே சேர்ந்து இழுக்கிற வலை. ஆணும் பெண்ணும் கயிற்றில் நிற்பார்கள். அம்மா வரவில்லை. வீட்டை விட்டு வெளியே வருவதை அவள் நிறுத்தி இருந்தாள். அவள் பங்குக்கு நான் கூடை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு எட்டு வயது.

சித்தப்பா வலையின் மடிப் பக்கம், இடுப்பளவு தண்ணீரில் நின்றார். மீன் கடைசியில் வந்து சேருகிற இடம் அது. நான் அவருக்குப் பின்னால், முழங்கால் தண்ணீரில். மடி நெருங்கியதும் உள்ளே ஏதோ புரண்டது. தண்ணீர் கலங்கியது. சித்தப்பா இரண்டு கையையும் விட்டுத் தூக்கினார்.

களவா. என்னைவிடக் கனம். பழுப்பு உடம்பில் கறுப்புத் திட்டு. வாய் திறந்து மூடியது. வாயோரத்தில் முள் ஏறியிருந்தது. முள்ளிலிருந்து கம்பி. கம்பியிலிருந்து ஒரு முழக் கயிறு.

கம்பி இடப்பக்கமாகச் சுற்றி இருந்தது. நுனியில் மிளகு.

சித்தப்பாவும் அதைப் பார்த்தார். கயிற்றில் நின்றவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் கத்தியை எடுத்தார். கம்பிக்குக் கீழே ஒரு விரல் விட்டுக் கயிற்றை அறுத்தார். அறுத்ததை இடுப்பில் செருகினார், உள்ளே தள்ளி. அதன் மறு நுனி நார் நாராகப் பிரிந்து துடைப்பம் மாதிரி இருந்தது. அது உள்ளே போவதற்கு முன்னால் நான் பார்த்தேன்.

திரும்பினார். நான் நின்றேன்.

"இன்னா பாக்குற? கரைக்குப் போ."

போனேன்.

மீனைக் கரையில் போட்டதும் கூட்டம் கூடியது. தொட்ட ஒருத்தி கையை மணலில் தேய்த்துக்கொண்டாள். முள் விழுங்கி நொந்த மீன், அதனால்தான் கரைக்கு ஒதுங்கிவிட்டது என்று ஒரு கிழவர் சொன்னார். கம்பியை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. மணல் ஒட்டியிருந்தது.

"கடல்லயே வுட்டுடலாம்," என்றார் சித்தப்பா.

அன்றைக்கு மீன் காலேஜ் ஆள் வந்திருந்தார். தண்ணீர்ப் பீப்பாய் வைத்த வண்டியோடு. கரைவலை இழுக்கும் நாளில் உயிர் மீன் வாங்க வருவார். திருவல்லிக்கேணி பாய். எங்களுக்குத் தொட்டி பாய்.

"இத்தினி பெருசா எங்ககிட்ட இல்ல," என்றார். "கண்ணாடிக்குள்ள வச்சா ஊரே வரும்."

நாட்டார் யோசித்தார். "குட்துடு. நாம அடிக்கல, அறுக்கல. அவங்க தொட்டியில போட்டுக்கட்டும். வழக்கத்துக்குக் கொற வராது."

"வுட்டுடலாம் நாட்டாரே," என்றார் சித்தப்பா மறுபடி.

"இன்னாடா உனுக்கு? மீனு உன் மச்சானா?"

எல்லோரும் சிரித்தார்கள். மீன் பீப்பாயில் ஏறியது. வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாய் அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டார்.

நான் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. கரைக்குப் போ என்று சொன்னதில் வாயை மூடு என்பதும் சேர்ந்திருந்தது. எட்டு வயதில் அது புரியும்.

தை பிறந்தது. எங்கள் வீட்டில் பொங்கல் வைக்கவில்லை. காணும் பொங்கல் அன்று அத்தை வந்தாள். நைனாவின் அக்கா. சண்டைக்காரி. துக்கத்திலும் வாய் ஓயாது.

"பானை வெக்க வாணாம். புள்ளைய வெளியில இட்டுகினு போனா பாவமா? நீயும் வா. குந்திகினே இருந்தா மரக்கட்டையாப் பூடுவ."

"நான் வரல அண்ணி."

"தோ கீது பீச்சு. நடந்தா நடை. காத்தாடப் போயிட்டு வரலாம், வா."

அம்மா எனக்காக வந்தாள். தலையில் பூ இருந்தது. அத்தைதான் வைத்துவிட்டாள். இன்னும் கொஞ்ச நாள்தான் வைக்கலாம், அது எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்குக் கடற்கரையைப் பார்க்க வேண்டும். மயிலாப்பூரிலிருந்து, சைதாப்பேட்டையிலிருந்து, மாட்டு வண்டி வண்டியாக ஜனம். கரும்பும் கட்டுச்சோறும். பெண்பிள்ளைகள் மணலில் கும்மி. எங்களுக்குத் தினமும் கடல். அவர்களுக்கு அன்றைக்குத்தான். அலையில் கால் நனைத்துவிட்டுக் கத்துவார்கள். எங்கள் குப்பத்துக்காரர்கள் அவர்களை வேடிக்கை பார்ப்பார்கள்.

மீன் காலேஜ் வாசலில் வரிசை.

"ஊரான் சீட்டு வாங்கி மீன் பாக்குறான்," என்றாள் அத்தை. "குழம்புல போடுறதக் கண்ணாடியில போட்டுக்கீறான் வெள்ளக்காரன்."

உள்ளே போனோம். முதலில் ஆமை. பிறகு கடல் பாம்பு. அம்மா அதன் எதிரில் நிற்கவில்லை. அடுத்ததில் பேத்தை மீன், வயிறு ஊதிக்கொண்டு. எங்களுக்கு முன்னால் மயிலாப்பூர் தம்பதி ஒன்று.

"ஏன்னா, இது என்ன, வயத்த ஊதிண்டு?"

"திமிங்கிலக் குட்டிடி."

அத்தை என் தோளைக் கிள்ளினாள். "கேட்டியா? பேத்தையப் போயி திமிங்கிலம்ன்றாரு. அந்தம்மாவும் வாயப் பொளந்துகினு நம்புது."

நான் சிரித்தேன். அம்மாகூட உதட்டை மடித்துக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு நினைவிருக்கிறது. வெளியே வந்து கரும்பு கேட்கலாம் என்று நினைத்தேன். கடைசித் தொட்டியில் என்ன இருக்கிறது என்பது மறந்தே போயிருந்தது.

கடைசித் தொட்டி பெரியது. களவா அடியில், கல்லோடு கல்லாகக் கிடந்தது. ஜனம் கண்ணாடியைத் தட்டியது. அது அசையவில்லை. பிறகு தானாக எழுந்து முன்னால் வந்தது. கண்ணாடி ஓரம் நின்று வாயைத் திறந்து மூடியது. கண் எங்களைப் பார்த்த மாதிரி இருந்தது. கம்பி ஆடியது.

அம்மா கண்ணாடியிடம் போனாள். மூக்கு ஒட்டுகிற தூரம்.

"பீச்சாங்கைக் கட்டு," என்றாள்.

"இன்னாது?"

"உன் தம்பி கட்டு."

அத்தை குனிந்து பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். அவள் பேசாமல் நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். அம்மா நகரவில்லை. கம்பிக்குக் கீழே தொங்கிய விரல் நீளக் கயிற்றைக் காட்டினாள்.

"நுனியப் பாரு. மொட்டையா கீது. கத்தி. அறுத்துகினு போயிருக்காரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தீபாவளிக்கு அப்புறம் முதல் சிரிப்பு. பச்சை வெளிச்சத்தில் அவள் பல் தெரிந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இல்லேம்மா, அது சித்தப்பா கத்தி, நான் பார்த்தேன். ஒரே வரி. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வரவில்லை.

அன்றிலிருந்து அம்மா தினம் போனாள். காலையில், கதவு திறப்பதற்கு முன்னால். என்னையும் இழுத்துக்கொண்டு. தொட்டி பாய் பின்வாசலில் விடுவார். முந்தானையில் காரப்பொடி மீன் முடிந்து எடுத்துப் போவாள். பாய் மேலே ஏறித் தொட்டியில் போடுவார். களவா மற்றவர்கள் போட்டால் கல்லுக்குள் கிடக்கும். அம்மா வந்தால் வெளியே வரும். காரப்பொடிக்காக இருக்கலாம்.

"இன்னாம்மா, தெனம் வர்ற," என்றார் பாய் ஒரு நாள். "இந்த மீனு உனுக்கு சொந்தமா?"

"எங்கூட்டுக்காரரக் கடைசியாப் பாத்தது இதுதான் பாய்."

பாய் அன்றிலிருந்து அம்மா உட்கார ஒரு முக்காலி வைத்தார்.

அவள் மீனோடு பேசவில்லை. பேசினாள் என்று குப்பத்தில் பின்னால் கதை கட்டினார்கள். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். நான்தான் பயந்தேன். அந்தக் கண் அம்மாவைப் பார்க்காது. என்னைப் பார்க்கும். நான் தூணுக்குப் பின்னால் போனால் அங்கேயும் திரும்பும். வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் வாய் திறந்து மூடும். அதற்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் பேசவில்லை.

சித்தப்பா அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சாப்பிட வரவில்லை. மீனை மட்டும் வாசலில் வைத்துவிட்டுப் போவார்.

தை அமாவாசை வந்தது. விடிந்ததும் பெண்கள் வந்தார்கள். அத்தை நைனாவின் துண்டைக் கொண்டுவந்தாள். நாட்டார் கடலோரம் நின்றார். சித்தப்பா தலை மழிக்கக் காத்திருந்தார்.

அம்மா தலை வாரி, பொட்டு வைத்து, வெளியே வந்தாள்.

"எல்லாரும் வாங்க," என்றாள். "பாத்துட்டு வந்து அறுங்க."

"எங்கடி?" என்றாள் ஒருத்தி.

"மீன் காலேஜுக்கு."

ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். அத்தைதான் நாட்டாரிடம் போனாள். "நானும் பாத்தேன். கட்டு அவன் கட்டுதான். நீங்களும் ஒரு வாட்டி பாருங்க. தாலி ஒரு வாட்டி எறங்குனா திரும்ப ஏறாது."

நாட்டார் தன் துண்டை உதறித் தோளில் போட்டார். நடந்தார். மற்றவர்களும் நடந்தார்கள். மணலில் முப்பது நாற்பது பேர். குளிக்க வந்த ஊர்க்காரர்கள் விலகி வழி விட்டார்கள்.

பாய் கதவைத் திறந்தார். எங்கள் ஆண்கள் அந்தக் கட்டடத்துக்குள் மேல் சட்டை இல்லாமல் நின்றார்கள். ஒருவர் போகிற போக்கில் பாம்பு மாதிரி நெளிகிற அஞ்சாளை மீனைப் பார்த்து, "இதப் போயி வளக்குறானுங்களே," என்றார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

களவா வெளியே வந்தது. அம்மாவைப் பார்த்து வந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நாட்டார் கண்ணாடியில் கையை வைத்துக் குனிந்தார்.

"கட்டு அவன் கட்டுதான்."

"கயித்தப் பாருங்க," என்றாள் அம்மா.

கிழவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "மீனு கடிச்சா நார் நாராத் தொங்கும். பார்ல தேஞ்சாலும் அப்படித்தான். இது ஒரே வெட்டு."

பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கிற பாறை.

நாட்டார் நிமிர்ந்தார். சித்தப்பாவைத் தேடினார். "நீ அலைன்னு சொன்னியே?"

சித்தப்பா முன்னால் வந்தார். அவர் குரல் அந்தச் சுவர்களில் மோதியது.

"அலை இல்ல நாட்டாரே. நான் பாக்கல. பின்னால திரும்பி என் கயித்த இஸ்துகினு இருந்தேன். திரும்பிப் பாத்தா மரத்துல அண்ணன் இல்ல. கூப்புட்டேன். பாக்கலன்னு வந்து சொல்ல மொகம் இல்ல. அலைன்னு சொல்ட்டேன்."

அத்தை அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பிறகு அதே இடத்தைத் தேய்த்துவிட்டாள். மீன் இழுத்துப்போன கயிறு கண்ணில் பட்டால் அலைப் பொய் நிற்காது, அதனால்தான் மார்கழியில் அதை ஒளித்திருக்கிறார்.

அம்மா அதற்கெல்லாம் நிற்கவில்லை. அவளுக்கு ஒன்றுதான் வேண்டும்.

"அது போவட்டும். உங்க அண்ணன் கயிறு. உனுக்குத் தெரியும். இது கத்தியா, இல்லியா? நீ சொல்லு."

சித்தப்பா மீனைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். நான் அத்தை புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் வாயைத் திறந்தால் அவ்வளவுதான். அவருக்கும் தெரியும்.

"கத்திதான் அண்ணி," என்றார்.

பொய் இல்லை. யாருடைய கத்தி என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாட்டார் தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"தாலி இருக்கட்டும்," என்றார். "ஆளு வந்தா வரட்டும்."

திரும்பும்போது அம்மா எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். சித்தப்பா பின்தங்கி என் பக்கத்தில் வந்தார்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"சரி."

அவ்வளவுதான் பேசினோம். அதற்குப் பிறகு அவர் செத்துப்போகிற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாசியில் யாரோ சொன்னார்கள், கோவளம் பக்கம் ஒரு ஆள் கரை ஒதுங்கிப் பிழைத்தானாம், பேச்சு வரவில்லையாம். அம்மா கிளம்பிவிட்டாள். சித்தப்பா கூடப் போனார். என்னையும் கூட்டிப் போனார்கள். கடலோரமே நடந்தோம். அடையாற்று முகத்துவாரத்தில் சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். ஒவ்வொரு குப்பத்திலும் அம்மா கேட்பாள். "பீச்சாங்கை. இடுப்புல கத்தி இருக்கும்." அவர்கள் சித்தப்பா முகத்தைப் பார்ப்பார்கள். சித்தப்பாவும் கேட்பார். "எங்க அண்ணன். என்ன மாதிரியே இருப்பாரு." தெரிந்தும் கேட்டார். ஒவ்வொரு குப்பத்திலும் கேட்டார். பாலவாக்கம் தாண்டி எனக்குக் கால் கொப்பளித்தது. கோவளத்தில் கிடந்த ஆள் வேறு யாரோ. வலது கைக்காரன்.

வந்த வழியே திரும்பினோம்.

சித்திரை வெயிலில் களவா செத்துப்போனது. தொட்டி பாய் குப்பத்துக்கே தேடிக்கொண்டு வந்தார். காகிதத்தில் ஒன்றை மடித்து எடுத்து வந்திருந்தார். முள், கம்பி, விரல் நீளக் கயிறு.

"தூக்கிப் போட மனசு வரலம்மா," என்றார். "உன்னோடதாச்சே."

அம்மா வாங்கிக்கொண்டாள். அழவில்லை. மஞ்சள் டப்பாவில் போட்டு மூடினாள். கொஞ்ச வருஷத்தில் யுத்தம் வந்து மீன் காலேஜையும் மூடினார்கள். மீன்களை என்ன செய்தார்கள் என்று தெரியாது. அம்மா ஒரு நாள் மூடின கதவு வரை போய்விட்டு வந்தாள்.

அவள் வாழ்ந்தது ஒரு மாதிரி வாழ்வு. கூடையில் மீன் எடுத்துக்கொண்டு மயிலாப்பூர்த் தெருக்களில் விற்றாள். நெற்றியில் பொட்டு. கழுத்தில் தாலி. குப்பத்தில் நல்ல காரியத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். கெட்ட காரியத்தில் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டார்கள். என் கல்யாணத்தில் தாலியைத் தொட்டுக் கொடுக்கும்போது தட்டு அவளிடம் வரவில்லை. அவளைத் தாண்டிப் போனது. அவள் பின்னால் நகர்ந்து நின்றாள். நான் பார்த்தேன். நான் எட்டு வயதில் ஒரு வரி சொல்லியிருந்தால் அவள் விதவையாக இருந்திருப்பாள், அழுது முடித்திருப்பாள், வேறு கட்டிக்கொண்டிருக்கலாம். எங்களில் அதுவும் உண்டு. சித்தப்பாவே கட்டியிருக்கலாம். அத்தைக்கு அந்த எண்ணம் இருந்தது. சித்தப்பா கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தினம் மீன் மட்டும் வாசலுக்கு வந்தது.

அவர் முதலில் போனார். அதற்குள் குப்பத்தில் மாடி வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவருடைய தகரப் பெட்டியை நான்தான் திறந்தேன். இரண்டு வேட்டி. மழுங்கிப்போன கத்தி. அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒரு முழக் கயிறு.

எடுத்து வந்தேன். அம்மா தூங்கும்போது மஞ்சள் டப்பாவைத் திறந்து இரண்டு மொட்டை நுனியையும் சேர்த்துப் பார்த்தேன். சேர்ந்தது. மறு நுனி அன்றைக்குப் பார்த்த மாதிரியே துடைப்பமாக இருந்தது. நைனாவின் கத்தி அந்தக் கயிற்றைத் தொடவில்லை. பாரில் மாட்டித் தேய்ந்து அறுந்திருக்கிறது. அறுந்தபோது அவர் எங்கே இருந்தார் என்று கயிறு சொல்லாது.

அம்மாவுக்கு எழுபது தாண்டி ஒரு ஆடியில் படுக்கை. மூன்றாவது மாடி. படுத்தபடி கடல் தெரியும். கடைசி வாரம் பேச்சு குறைந்துவிட்டது. ஒரு காலை, நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கையை நகர்த்தி நிறுத்தச் சொன்னாள்.

"அது கத்தி வெட்டுதானே?"

நாற்பது வருஷத்தில் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. கயிறு என் பெட்டியில், பக்கத்து அறையில் இருந்தது.

"கத்திதான்மா," என்றேன்.

அவள் கடலைப் பார்த்தாள்.

"யாரு கத்தின்னு ஒருத்தரும் கேக்கல, பாத்தியா," என்றாள்.

கஞ்சிக் கரண்டி என் கையில் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். ஊட்டினேன்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்கவில்லை. முள் கைக்கு வந்த அன்றைக்கா, கோவளத்துக்கு நடந்தபோதா, அந்தக் கண்ணாடி எதிரிலேயேவா. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். நானும் அவள் பெண்தான்.

இரண்டு நாளில் போய்விட்டாள். பூ வைத்து, மஞ்சள் பூசி, தாலியோடு படுக்க வைத்தோம். நாட்டார் பேரன் ஒருவன் வந்து, "இன்னா பண்றதுன்னு தெர்லியே, அத்தே," என்றான். "இருக்குறபடியே போவட்டும்," என்றேன். அவன் தலையாட்டினான்.

தூக்குவதற்கு முன்னால் எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். மஞ்சள் டப்பாவிலிருந்து முள்ளையும் கம்பியையும் எடுத்தேன். அந்த மிளகை விரலால் தடவிப் பார்த்தேன். சரியாக இருந்தது. கயிற்றையும் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டி, அவள் இடுப்பில் செருகினேன். சித்தப்பா செருகின மாதிரி, உள்ளே தள்ளி.